மச்சானுக்குக் கிடைத்த ஏச்சு

சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்திருந்த நேரம். மச்சான் கடற்கரை மணலில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சி மாஸ்டர் அவருடைய தலைமாட்டில் குந்தியிருந்து காதுக்குள் சிங்களத்தில் கத்தினார். கத்தி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்ப்பாளன். என் முறை.

மாஸ்டர் சொன்னது இதுதான்: "ஈரச் சாக்குகூட உன்னைவிட வேகமாக எழும்பும். உன்னைப் பெற்ற நேரத்தில் உன் தாய் ஒரு தென்னங்கன்று நட்டிருக்கலாம். இந்நேரம் காய்த்திருக்கும்."

மச்சான் மூச்சு வாங்கியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் என் ராத்தாவின், அதாவது என் மூத்த சகோதரியின், கணவர். என் கலியாணத்தில் வாப்பா இல்லாத இடத்தில் நின்று எல்லாம் செய்தவர். அவருக்கு முன்னால் நான் இன்றுவரை கால்மேல் கால் போட்டு இருந்ததில்லை.

"மச்சான்," என்றேன். "இன்னும் கொஞ்சம் கெதியா எழும்பினா நல்லமாம். உங்கட உம்மாவையும் சுகம் விசாரிச்சாரு. தென்னங்கன்று ஏதும் நட்டாங்களாண்டு கேக்குறாரு."

"நல்ல மனுசன்," என்றார் மச்சான். "இல்லண்டு சொல்லு. எங்கட வளவு உவர் மண்."

ஒரே ஒரு அளவு

இதெல்லாம் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

தென்மேற்குச் சோளகக் காற்றுக் காலத்தில் கல்பிட்டிப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலேரியான களப்புக்கு மேலே வானம் முழுக்கப் பட்டம். பட்டத்தின் கீழே கயிறு, கயிற்றின் கீழே ஒரு வெள்ளைக்காரர், அவருடைய காலின் கீழே ஒரு பலகை. காற்று இழுக்க, அவர் தண்ணீருக்கு மேலே பறந்துகொண்டிருப்பார். இதற்காகவே கடல் கடந்து வருகிறார்கள். எங்கள் ஊரில் சும்மா அடிக்கிற காற்றுக்கு இவ்வளவு மவுசு இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

அப்படிப் பறந்த ஒருவரை ஒரு நாள் காற்று கொண்டுபோய் மீன்வலைக்குள் போட்டுவிட்டது. ஆள் தப்பிவிட்டார். ஆனால் இவர்கள் வந்து தங்குகிற ஹோட்டலின் முதலாளி பயந்துவிட்டார். இனிமேல் ஒழுங்காகப் பயிற்சி எடுத்த உயிர்காப்பாளர்கள் வேண்டும் என்று, இராணுவத்தின் விசேட படையில் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கூட்டிவந்தார். அவர்தான் மாஸ்டர். சிலாபத்துக்கு அந்தப் பக்கத்து ஆள். கழுத்தும் தலையும் ஒரே அகலம். சிரிப்பதென்றால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும் என்பது போன்ற முகம்.

"எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு அளவுதான்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "காட்டுக்குள் போகிறவனுக்கு வைத்த அளவு. ஹோட்டலுக்கென்று நான் அதைக் குறைக்க மாட்டேன்."

அந்த அளவை வைத்துப் பார்த்தால், எங்கள் ஊரில் எல்லோரும் நோயாளிகள். முதுகில் மணல் மூட்டையோடு ஓட வேண்டும். இரும்புக் கம்பியில் தொங்கி, நாடி கம்பிக்கு மேலே வரும்வரை ஏற வேண்டும். சட்டை சப்பாத்தோடு நீந்த வேண்டும். அதெல்லாம் உடம்புக்கு. மாஸ்டருக்கு உடம்பில் அவ்வளவு அக்கறை இல்லை. "உடம்பைத் தந்தால் நான் செய்து எடுப்பேன். தலை எப்படிப்பட்டது என்றுதான் பார்க்க வேண்டும்," என்பார். தலைக்கு வைத்த சோதனைகள் மூன்று: பசி, நித்திரை, ஏச்சு.

பசியில் எங்கள் ஆட்கள் தங்கப் பதக்கம் எடுத்தார்கள். ரமழான் முழுக்க நோன்பு பிடித்துக்கொண்டு வலை இழுக்கிற ஆட்களிடம், மத்தியானச் சாப்பாடு இல்லை என்று மாஸ்டர் பயங்கரமான குரலில் அறிவித்தபோது, "இவ்வளவுதானா?" என்ற மாதிரி இருந்தார்கள். நித்திரையில் கொஞ்சம் சறுக்கியது. வன்னியிலிருந்து வந்து எங்களோடு குடியிருக்கும் அந்தோனியிடம், விடிய விடிய முழித்திருந்த பிறகு மாஸ்டர் ஒரு கூட்டல் கணக்குக் கேட்டார். அந்தோனி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் மனைவியின் பெயரைச் சொன்னான்.

முடியாதவர்கள் விலகிப் போவதற்கு ஒரு மணி கட்டியிருந்தது. அடித்துவிட்டுப் போகலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். முதல் நாள் ஓட்டம் தொடங்க முன்னமே மணி அடித்தது. மாஸ்டர் திரும்பாமலே, "யார் அது?" என்றார். எங்கள் ஊரில் கழுதைகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்று மணி கட்டிய கம்பத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. சொன்னேன். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "தன் அளவு தெரிந்த ஒருவனாவது இங்கே இருக்கிறான்," என்றார்.

மூன்றாவது சோதனையான ஏச்சுக்குத்தான் நான்.

பொதுச் சொத்து

ஓட்டோ ஓட்டுகிற எனக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம், இளவயதில் மதுரங்குளியில் கடையில் நின்ற காலத்தில் பிடித்த சிங்களம். மற்றவர்களுக்கும் சிங்களம் தெரியும்தான். மீன் விலை பேச, பொலிசுக்குப் பதில் சொல்ல, பஸ்ஸில் மிச்சக்காசு கேட்க. முட்டாளுக்கு மோடயா, கழுதைக்கு பூருவா போன்ற பொதுச் சொத்துகளை யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஆனால் மாஸ்டர் ஏசுவது வேறு ரகம். அது முகாமில் வளர்ந்த சிங்களம், சுழன்று சுழன்று வேகமாக வரும். அதைப் பிடிக்க ஆள் வேண்டும்.

நான் பிடித்தேன். பிடித்ததை அப்படியே கொடுக்கத்தான் முடியவில்லை.

சொல்லுங்கள், எப்படிக் கொடுப்பது? மணலில் கிடக்கிறவர்களில் ஒருவர் என் மச்சான். ஒருவர் என் மனைவியின் சாச்சா, அவளுடைய வாப்பாவின் தம்பி. ஒருவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவருடைய மருமகன். சோதனை முடிந்தால் மாஸ்டர் சிலாபத்துக்குப் போய்விடுவார். நான் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இவர்களுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

ஆகவே சாக்கு என்றால் "களைச்சிட்டீங்க போல" என்றேன். புழுத்த கருவாடு என்றால் "உங்களிட்ட இதவிட எதிர்பார்த்தாராம்" என்றேன். மாஸ்டர் சாச்சாவுடைய தொப்பையைப் பற்றி நீண்ட வர்ணனை ஒன்று கொடுத்தபோது, "சாச்சா, உங்கட உடம்பப் பத்தி அவருக்குக் கவலையாம்," என்றேன். சாச்சா உருகிவிட்டார். சாகக் கிடந்த மனிதர் எழும்பி இன்னும் ஒரு தடவை கம்பியில் ஏறினார்.

மாஸ்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். தான் இவ்வளவு ஏசியும் இவர்கள் தலையை ஆட்டி நன்றி சொல்கிறார்களே என்று யோசிக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடலுக்குப் போகிறவரை ஏசக் கூடாது

இந்த இடத்தில் ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கும்போதே, என்னைப் பற்றி எழுதினால் உண்மையை எழுது, வயதை மட்டும் எழுதாதே என்று சொல்லியிருக்கிறார். எழுதவில்லை.

ராத்தா ஏசுவதில் பேர்போனவர். அதிலும் மச்சானை ஏசுவதென்றால் அதற்கு ஒரு தாளம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் றேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். மச்சான் பதில் பேச மாட்டார். தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் இருந்து, மழையை ரசிக்கிற மாதிரி ரசிப்பார்.

மச்சானுக்கு அட்டை பிடிக்கிற தொழில். கடலட்டைதான். முதுகில் சிலிண்டர் கட்டி ஆழத்துக்குப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவது. ஒரு நாள் கீழே இருந்து அவசரமாக மேலே வந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. தோளில் போட்டுத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கால் திரும்பி வர நெடுநாள் ஆனது. "மேலால நீந்தலாம். ஆழம் இனிக் கூடவே கூடாது. அடுத்த தடவை கால் வராது, சில நேரம் ஆளே வராது," என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மச்சான் வேறு வேலை தேடினார். நாற்பதைத் தாண்டிய, தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கடைசியில் மறுபடியும் சிலிண்டரை எடுத்தார். "ஆழத்துக்குப் போக மாட்டேன்," என்று ராத்தாவிடம் சொன்னார். அட்டை ஆழத்தில்தான் கிடக்கிறது என்று ராத்தாவுக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து ராத்தா ஏசுவதை நிறுத்திவிட்டார்.

எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிற மனிதரை ஏசி அனுப்பக் கூடாது. அவர் திரும்பி வராவிட்டால், கடைசியாகச் சொன்னது ஏச்சாகிவிடும். முன்பெல்லாம் ராத்தா அவர் வெளிக்கிடுகிற நேரம் மட்டும் வாயை மூடிக்கொள்வார், திரும்பி வந்ததும் வட்டியும் முதலுமாகத் தீர்ப்பார். இப்போது எந்த நேரமும் அவர் வெளிக்கிடுகிற நேரமாகிவிட்டது. "வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க." அவ்வளவுதான். வீடு, சாவு விழுந்த மவுத்து வீடு மாதிரி மரியாதையாக இருந்தது. ராத்தா மெலிந்துபோனார். மச்சானும்தான்.

இந்த உயிர்காப்பாளர் வேலை கிடைத்தால் சிலிண்டரை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால், தேர்வு முடிந்த அடுத்த நாள் படகு போகிறது, மச்சானுக்கு அதில் இடம் இருக்கிறது. மணலில் கிடந்து அவர் தண்டால் எடுத்ததற்கு இதுதான் காரணம்.

செங்கல்

கடைசி நாள் பிற்பகல் எல்லோரையும் ஜெட்டிக்குக் கூட்டிப் போனார் மாஸ்டர். படகுகள் வந்து கட்டுகிற இடம், கால் நிலத்தில் முட்டாது. மிஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு செங்கல். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் அடித்து மிதக்க வேண்டும். விசில் ஊதும்வரை செங்கல் நனையக் கூடாது. நனைந்தால் வீட்டுக்குப் போகலாம், கதையே இல்லை.

கொஞ்ச நேரத்தில் சாச்சா கல்லோடு கீழே போய், கல்லில்லாமல் மேலே வந்தார். கரையேறி, மணியை அடித்து, கழுதைக்கு சலாமும் சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "இன்றைக்கு நான் ஏசப் போவதில்லை. நான் வெளியாள். நான் ஏசினால் காதோடு போகும். வீட்டு ஆள் ஏசினால்தான் உள்ளே இறங்கும். அது உன் மச்சான்தானே? நீ ஏசு. அவன் கல் ஆடுகிறதா என்று நான் பார்க்கிறேன். ஏச ஆள் இல்லையென்றால் சோதனையும் இல்லை, வேலையும் இல்லை."

ஜெட்டியின் விளிம்பில் போய் நின்றேன். கீழே மச்சானுடைய தலையும், இரண்டு கைகளும், ஒரு கல்லும்.

"மச்சான்..." என்றேன். "நீங்க... சில நேரத்துல... கொஞ்சம்..."

"என்னடா?"

"ஒண்டுமில்ல மச்சான்."

"அப்படியென்றால் சோதனை முடிந்தது," என்று மாஸ்டர் விசிலைக் கையில் எடுத்தார்.

"டேய், ஏசுடா!" என்று மச்சான் கீழே இருந்து கத்தினார். "ஏசாட்டி என்ன எடுக்க மாட்டாங்கடா!"

"என்னத்தச் சொல்லி ஏச? வாய் வருகுதில்ல மச்சான்!"

மச்சான் கல்லை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பிறகு சொன்னார்: "ராத்தா ஏசுற மாதிரி ஏசு. அதக் கேட்டும் எவ்வளவு காலம்."

கண்ணை மூடிக்கொண்டேன். ராத்தாவுடைய குரல் தானாகவே வந்தது. இடுப்பில் கைகூட வைத்தேன்.

"இஞ்ச பாருங்க! கறிவேப்பில வாங்கிட்டு வாங்கண்டு அனுப்பினா, ஊர்ல நாலு வீட்டுச் சண்டய வாங்கிட்டு வாறீங்க, கறிவேப்பில எங்க? பெருநாள் சேர்ட்டப் போட்டுட்டு எஞ்சினுக்குக் கீழ படுத்த மனுசன் இந்த உலகத்துல வேற ஆரும் இருக்காங்களா? உப்புத் தண்ணில ஊறி ஊறி மூள கருவாடாப் போச்சு! ஈரச் சாரத்தக் கதிரையில போடாதீங்க போடாதீங்கண்டு நானும் கிழவியாப் போனேன், கதிரையும் உக்கிப் போச்சு, நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்க!"

முதலில் அந்தோனிதான் சிரித்தான். அவனுடைய கல் போய்விட்டது. அவனும் இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தை நாற்காலியில்தான் கழற்றிப் போடுவான் போல. பிறகு மச்சானுடைய முகம் கோணியது. தோள் குலுங்கியது. தலை தண்ணீருக்குக் கீழே போனது.

கல் மட்டும் மேலே நின்றது. இரண்டு கைகளும் ஒரு கல்லும்.

தலை வரவில்லை. நேரம் போனது. தலை வரவில்லை.

கால் மரத்துவிட்டது என்று நினைத்தேன். ராத்தாவுடைய முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. "மச்சான்!" என்று கத்திக்கொண்டு குதித்தேன்.

எனக்கு நீந்தத் தெரியாது என்பது குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து மன்னாரிலிருந்து எங்கள் குடும்பம் படகில்தான் இந்தக் கரைக்கு வந்தது. "கடல் எங்களக் கொண்டுவந்து விட்டது போதும், இனி அதோட ஒரு கதையும் வேணாம்," என்று உம்மா என்னைத் தண்ணீரின் பக்கமே விடவில்லை. கரைத்தீவில் வளர்ந்தேன், மூன்று பக்கமும் தண்ணீர், எனக்குத் தெரிந்தது கிணறு மட்டும்.

மூக்கால் குடித்தேன். வாயால் குடித்தேன். கலிமா சொல்ல வாயைத் திறந்தால் அதற்குள்ளும் தண்ணீர். அப்போது யாரோ என் சட்டைக் கொலரைப் பிடித்தார்கள்.

மச்சான். ஒரு கையில் என் கொலர். மறு கை நேரே வானத்தைப் பார்த்து நின்றது. அதில் செங்கல்.

காய்ந்திருந்தது

அப்படியேதான் என்னைக் கரைக்கு இழுத்து வந்தார். காலை மட்டும் அடித்து. ஜெட்டிப் படியில் என்னைக் கிடத்தும்போதும் கல் மேலேதான் இருந்தது. மாஸ்டர் விசில் ஊதவில்லையே!

நான் இருமிக்கொண்டே பார்த்தபோது மாஸ்டர் படியில் இறங்கி வந்து நின்றார். மச்சானுடைய கையிலிருந்த கல்லை விரலால் ஒரு தரம் தடவினார். விரலைப் பார்த்தார். பிறகு, தமிழில் சொன்னார்.

"காஞ்சிருக்கு."

எனக்கு இருமல் நின்றுவிட்டது.

"மாஸ்டர்... உங்களுக்குத் தமிழ்..."

"எங்க அம்மா மாதா கோயில்ல மன்றாடினது தமிழ்ல. எனக்கு ஏசினதும் தமிழ்லதான்," என்றார் மாஸ்டர். "எனக்கு விளங்காதுண்டு நெனச்சாத்தானே ஆளுங்க எனக்கு முன்னாலயே மனசுல உள்ளதக் கதைப்பாங்க. அதுல பாதி சோதனை முடிஞ்சிரும்."

எனக்கு வந்த நாளிலிருந்து நடந்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தென்னங்கன்று. கருவாடு. சாச்சாவுடைய தொப்பை. மறுபடியும் தண்ணீருக்குள் விழுந்துவிடலாமா என்று யோசித்தேன்.

"அப்ப நான் மாத்தி மாத்திச் சொன்னதெல்லாம்..."

"எல்லாம் கேட்டேன். முதல் நாளே உன்ன அனுப்பத்தான் இருந்தேன். பொறகு பாத்தா, முகாம்ல நான் ஏசினா கோவத்துல ஓடுவாங்க. இங்க நீ மரியாதையாச் சொன்னா வெக்கத்துல ஓடுறாங்க. எப்படியாச்சும் ஓடினாச் சரிதானே." மச்சானைப் பார்த்தார். "நீ ஏன் கீழ போன? கால் வரலியா?"

"கால் நல்லம் மாஸ்டர். மேல இருந்து சிரிச்சாக் கல் ஆடும். அதான் கீழ போய்ச் சிரிச்சிட்டு வரலாம்ண்டு போனேன்."

மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு படியேறிப் போனார். அவருடைய தோள் குலுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மேலே போய்த்தான் விசிலை ஊதினார். அதற்குப் பிறகுதான் மச்சான் கையைக் கீழே இறக்கினார்.

அஸருக்குப் பிறகு

பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது ராத்தா வாசலில் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க. சாப்பாடு இருக்கு," என்றார்.

மச்சான் செங்கல்லை வாசலில் வைத்தார். உள்ளே போய்ச் சாரத்தை மாற்றிக்கொண்டு வந்தார்.

"ராத்தா," என்றேன். "மச்சான எடுத்துட்டாங்க. அடுத்த கிழமையில இருந்து வேல."

ராத்தா மச்சானைப் பார்த்தார். "அப்ப நாளைக்குப் படகு?"

"போகமாட்டேன்."

"சிலிண்டர்?"

"வித்துருவோம்."

"வல்லாஹி?" என்று சத்தியம் கேட்டார் ராத்தா.

"வல்லாஹி."

ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. மச்சான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டினார்.

ராத்தா கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். அவருடைய பார்வை மச்சானைத் தாண்டிப் போய் கதிரையில் நின்றது. கதிரையில், தண்ணீர் சொட்டச் சொட்ட, மச்சானுடைய ஈரச் சாரம்.

"இஞ்ச பாருங்க!" என்றார் ராத்தா.

பிறகு வந்ததையெல்லாம் இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. நான் ஜெட்டியில் சொன்னது அதில் கால்வாசிகூட இல்லை. சேர்த்து வைத்திருந்த ஏச்சு எல்லாம் வந்தது, கால் மரத்துக் கிடந்த காலத்து ஏச்சு, சிலிண்டரை மறுபடி எடுத்த நாளின் ஏச்சு. பக்கத்து வீட்டில் றேடியோவை நிறுத்தினார்கள். மச்சான் வாசலில் போய் இருந்துகொண்டார். தேத்தண்ணி கேட்டார். அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை ஏச்சு நிற்கவில்லை. பாங்குச் சத்தம் கேட்டதும் ராத்தா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பாதி வசனத்தில் நிறுத்தினார். வீடு அமைதியானது. பாங்கு முடிந்ததும் ராத்தா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்க உள்ளே போனார்.

மச்சான் என் பக்கம் சாய்ந்து, காதோடு காதாகக் கேட்டார்:

"தொழுதிட்டு வந்து மிச்சத்தையும் ஏசுவாதானே?"